52 சிசி புல்வெட்டி மெஷின்: நான்கு வருட ஓட்டத்தில் பராமரிப்பு

தென்னந்தோப்பில் கோரையும் பார்த்தீனியமும் வெட்ட ஓடும் 2 ஸ்ட்ரோக், தோளில் மாட்டும் ரக மெஷின் இது. நான்கு வருடமாகியும் பிஸ்டன், ரிங் மாற்றவில்லை. பெட்ரோல் விஷயத்தில் காட்டிய கண்டிப்புதான் அதற்குக் காரணம்.

2 ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயவு. கையேட்டில் 1:25 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 1:40 என்றால் 25 மில்லி. மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். மருந்துக்கடை சிரிஞ்ச் போதும். டேங்கில் நேராகக் கலக்கவும் கூடாது. தனிக் கேனில் பாதிப் பெட்ரோல், அதில் ஆயில், நன்றாகக் குலுக்கியபின் மீதிப் பெட்ரோல்.

பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கிவிடும். 2டி ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். டேங்க் அடியில் கிடக்கும் ஃபில்டர் உறிஞ்சுவது ஆயில் இல்லாத அந்த அடித்தண்ணீரைத்தான். பிஸ்டன் கோடு விழுந்து ஜாம் ஆக இது ஒன்றே போதும். சந்தேகம் வந்தால் கலவையைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கோடு பிரிந்து தெரிந்தால் அதை ஊற்றவே வேண்டாம். கலவையை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். நாள்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் கார்புரேட்டர் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) விறைத்து, பெட்ரோல் டியூபும், பெட்ரோல் ஏற்ற விரலால் அமுக்கும் பம்ப் குமிழும் வெடிப்பு விடும்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை 8-10 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, இரண்டு சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டலாம். சிலிண்டர் துடுப்புகளுக்கிடையே அடைத்த புல்லையும் அன்றே தட்டிவிடுங்கள், சூடு அங்கேதான் ஏறும். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.6-0.7 மி.மீ. முனை காப்பிப்பொடி நிறமாக இருந்தால் நல்லது. கருத்து நனைந்திருந்தால் ஆயில் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் எங்கோ காற்று புகுகிறது. அப்படியே ஓட்டுவது ஆபத்து.

எல்லாரும் மறப்பது பிளேடுக்கு மேலே இருக்கும் கியர் பெட்டியை. 20-25 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கவாட்டு போல்ட்டைக் கழற்றி, பிளேடைக் கையால் சுற்றிக்கொண்டே லித்தியம் கிரீஸ் ஏற்றுங்கள். ஓட்டத்தில் பெட்டி கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் கிரீஸ் வற்றியிருக்கிறது. பிளேடு நட்டு தலைகீழ் மரை: வலப்பக்கம் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் மரையைத் தின்ற மெஷின்கள் ஏராளம்.

பத்து நிமிடம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி கிளம்பினால் உடனே கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள். முதலில் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தாமல், பெட்ரோலில் அலசி ஊதினாலே திறந்துவிடும்.

ரேஸ் லீவரிலிருந்து விரலை எடுத்தபின்னும் பிளேடு சுற்றுகிறதா? கார்புரேட்டரில் இன்ஜினின் ஸ்லோ வேகத்தை வைக்கும் ஸ்லோ திருகாணியைக் கொஞ்சம் குறையுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம்; மாற்றும்வரை மெஷினை எடுக்காதீர்கள்.