'சம்பளச் சீட்டு வேண்டாம்' வீட்டுக் கடன்: எடுக்கலாமா?

மதுரையைச் சுற்றி ஒத்தக்கடை, திருமங்கலம், சமயநல்லூர் பக்கம் மின்கம்பம் தவறாமல் தொங்கும் விளம்பரம் இது: சம்பளச் சீட்டு வேண்டாம், ஐ.டி. ரிட்டர்ன் வேண்டாம், உடனடி வீட்டுக் கடன். தருவது பெரும்பாலும் சிறிய வீட்டுவசதி நிதி நிறுவனங்கள். பூக்கடை, டிபன் கடை, தையல், லோடு ஆட்டோ என்று காசு புரண்டாலும் காகிதத்தில் காட்ட முடியாதவர்களுக்கான சரக்கு. வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஆளுக்கு வேறு வழி இல்லை என்பதால் ஒரேயடியாக மோசம் என்று தள்ளவும் முடியாது. ஆனால் தவணை நின்றதும் 'தகுதிக்கு மீறி ஆசைப்பட்டான்' என்று மொத்தப் பழியும் வாங்கியவர் தலையில் விழுகிறதே, அதில் பாதிகூட நியாயமில்லை.

முதலில் விலை. 20 லட்சம், 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் 9% என்றால் மாதத் தவணை 17,995 ரூபாய். இங்கே 13% என்றால் 23,432. வித்தியாசம் 5,437தானே என்பார் ஏஜென்ட். 240 மாதத்துக்கு அது 13 லட்சத்தைத் தாண்டுகிறது.

கோளாறு தொடங்குவது வருமானக் கணக்கில். கள அலுவலர் கடைக்கு வந்து கொள்முதல் நோட்டைப் புரட்டி, அன்றைய விற்பனையைப் பார்த்து, அதை மாதக் கணக்காகப் பெருக்குகிறார். வந்தது முகூர்த்த நாளாக இருந்தால் மல்லிகை விற்கும் விலையே வேறு. முகூர்த்தம் இல்லாத வாரத்தில் அதே கடையில் வாடகை தேறுவதே பெரும்பாடு. நல்ல மாதம், மந்த மாதம் இரண்டையும் சேர்த்து ஓராண்டுச் சராசரி எடுக்காத எந்த மதிப்பீடும் கண்துடைப்புத்தான். ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கடன் தொகை வெளியானதும் வந்துவிடும். ஐந்தாம் ஆண்டில் தவணை நின்றால் அவர் கையை விட்டு ஒரு பைசா போகாது.

2008 வீட்டுக் கடன் நெருக்கடியில் அமெரிக்காவில் நடந்ததும் இதுவே, அளவுதான் பூதாகரம். கடன் கொடுத்தவர்கள் அதைக் கட்டுக் கட்டாக முதலீட்டாளர்களிடம் விற்றுவிட்டதால் திருப்பி வருமா என்ற கவலை அவர்களுக்கு இல்லை. தர மதிப்பீட்டு நிறுவனங்களோ அதற்கு மிக உயர்ந்த முத்திரை குத்தின. தவணைகள் நின்றதும் அந்த முதலீடுகள் சரிந்து, 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. இது தவிர்த்திருக்கக்கூடிய நெருக்கடி என்று 2011-இல் அரசு விசாரணை ஆணையமே எழுதியது.

அடுத்தது கைக்காசு. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90% வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஆக, 22 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 4.18 லட்சம் வாங்குபவர் கையில் இருந்தாக வேண்டும். இல்லாதவருக்கு பில்டர் எஸ்டிமேட்டை ஏற்றிக் கொடுக்கிறார், மதிப்பீட்டாளர் கையெழுத்துப் போடுகிறார். அதற்கும் போதாததை நகை அடகிலோ மீட்டர் வட்டியிலோ புரட்டுகிறார்கள். வீட்டுத் தவணை நிற்பதற்குப் பல நேரம் காரணம் வீட்டுக் கடனே அல்ல, இந்தப் பக்கக் கடன்தான்.

மாறும் வட்டி இன்னொரு பொறி. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ 2022 மே வரை 4%. 2023 பிப்ரவரியில் 6.5%. உதாரணமாக, 20 லட்சத்தை 7% வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கியவரின் தவணை 15,506. இரண்டு ஆண்டு கட்டியபின் வட்டி 9.5% ஆகி, தவணை மட்டும் மாறாமல் இருந்தால், மாதத் தவணையில் அசலுக்குப் போவது 450 ரூபாய் சொச்சம். பாக்கி 18 ஆண்டு, 37 ஆண்டாக நீளும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில்தான் உத்தரவு போட்டது. வங்கிகள் 2019 அக்டோபர் முதல் புதிய மாறும் வட்டிக் கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்தாக வேண்டும். வீட்டுவசதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஏறும்போது உடனே ஏறும். இறங்கும்போது நாம் எழுதிக் கேட்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் முக்கிய விவரத் தாளை (Key Facts Statement) கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் அது கட்டாயம். அதில் பார்க்க வேண்டியது வட்டி வீதம் அல்ல, பிராசசிங் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவு வீதம் (APR). இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருந்தால் அதற்கும் 20 ஆண்டு வட்டி கட்டுகிறீர்கள். வக்கீல் கருத்துரையின் நகலை வாங்குங்கள். அது நிறுவனத்தின் பாதுகாப்புக்காக எழுதியது என்பதால் தாய்ப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கம், பட்டா, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அனுமதி நான்கையும் உங்கள் செலவில் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் பழி முழுக்க நம்முடையது.

மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபருக்கு அபராதம் கிடையாது. ஆகவே இரண்டு மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டி, ரிட்டர்னும் தாக்கல் செய்து, வங்கிக்கு மாற்றிக்கொள்ளும் திட்டம் உள்ளவருக்கு இந்தக் கடன் பரவாயில்லை. மற்றவர்களுக்கு வேண்டாம்.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன். நீதிமன்ற வழக்கு இல்லாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதை வாங்காமல் திருப்பி அனுப்புவது வீண். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும். வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை எடுத்துவிட்டால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அதற்குச் சென்னைக்கு அலைய வேண்டாம், மதுரையிலேயே இருக்கிறது.