க்யூட்டியா, டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸா: சோர்ஸிலிருந்து கட்டுவதானால் எது?

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடவேண்டிய டெஸ்க்டாப் செயலியை சி++இல் எழுதுகிறீர்கள். க்யூட்டி (Qt), டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் (wxWidgets) இரண்டும் அதற்கு ஜன்னல், பட்டன்களைத் தரும் லைப்ரரிகள். லைப்ரரியை ஸ்டாட்டிக்காக, அதாவது செயலிக்குள்ளேயே, இணைத்து ஒரே கோப்பாகக் கொடுக்க வேண்டும், அல்லது வேண்டாத பகுதிகளை வெட்டிவிட வேண்டும். ரெடிமேட் பைனரி இதற்கு உதவாது. லைப்ரரியை நீங்களே கம்பைல் செய்தாக வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாதாரண டெஸ்க்டாப் செயலிக்கு டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸைக் கட்டுங்கள். க்யூட்டிதான் வேண்டும் என்றால், முடிந்தவரை கட்டிவைத்த பேக்கேஜை வாங்கிக்கொள்ளுங்கள்.

காரணம் இரண்டின் பிறவிக் குணத்திலேயே இருக்கிறது. 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூஎக்ஸ், பெரும்பாலான பட்டன்களையும் பெட்டிகளையும் தானாக வரைவதில்லை. விண்டோஸில் விண்டோஸின் கன்ட்ரோல்கள், மேக்கில் கோக்கோ, லினக்ஸில் ஜிடிகே என்று அந்தந்த ஊர்க்காரரிடமே வேலையை ஒப்படைக்கிறது. அதனால் கம்பைல் செய்ய வேண்டிய சரக்கு குறைவு. உபுண்டுவில் கம்பைலரும் ஜிடிகே-3இன் டெவலப்மென்ட் பேக்கேஜும் இருந்தால் கான்ஃபிகர் (configure), மேக் (make) என இரண்டு கட்டளைகளில் அடிப்படை பில்ட் கிடைத்துவிடும். பிஎன்ஜி, ஜேபெக், ஸீலிப் போன்றவற்றின் சோர்ஸும் கூடவே வருகிறது. கிட் (git) வழியாக இறக்குபவர்கள் மட்டும் சப்மாட்யூல்கள் எனப்படும் துணை சோர்ஸ்களையும் சேர்த்து இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஃபோல்டர்கள் காலியாக இருக்கும், பில்ட் நடுவழியில் நிற்கும். சோர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே கட்டாமல் பிழை தேடும் டீபக் பில்டுக்கு ஒன்று, வெளியிடும் ரிலீஸ் பில்டுக்கு ஒன்று என்று தனி ஃபோல்டர் வைத்தால் இரண்டும் சண்டை போடாது.

விண்டோஸில்தான் டபிள்யூஎக்ஸ் பொறுமையைச் சோதிக்கும். டீபக்கா ரிலீஸா, ஸ்டாட்டிக்கா டிஎல்எல்லா (தனிக் கோப்பாக நிற்கும் லைப்ரரி), 32 பிட்டா 64 பிட்டா என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி பில்ட். இவற்றில் ஒன்று உங்கள் ப்ராஜெக்ட் அமைப்போடு பொருந்தாவிட்டாலும், துண்டுகளை இணைக்கும் லிங்கர் பக்கம் பக்கமாகப் பிழை கொட்டும். புதிதாக வருபவர்களை அதிகம் அலைக்கழிப்பது ‘செட்டப்.எச் (setup.h) கிடைக்கவில்லை’ என்ற பிழை. ஒவ்வொரு பில்டும் தனக்கென ஒரு செட்டப்.எச்சை லிப் ஃபோல்டருக்குள் உருவாக்குகிறது. அந்த இடத்தையும் இன்க்ளூட் பாதையில் சேர்த்தால் பிழை போய்விடும்.

சரி, க்யூட்டிக்கு வருவோம். நார்வேயின் ட்ரோல்டெக் 1995இல் வெளியிட்ட இது, திரையில் தெரியும் பெரும்பாலானவற்றைத் தானே வரைகிறது. மூன்று தளங்களிலும் ஒரே நடத்தை கிடைப்பது இதனால்தான். சோர்ஸ் பெருத்திருப்பதும் இதனால்தான். 2020 டிசம்பரில் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து சிமேக் (CMake) என்ற பில்ட் கருவியால்தான் கட்ட வேண்டும், சி++17 தெரிந்த கம்பைலரும் வேண்டும். முழு சோர்ஸையும் கட்டக் கிளம்பாதீர்கள்: அதில் வெப்எஞ்சின் என்ற பெயரில் குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியமே உட்கார்ந்திருக்கிறது, மணிக்கணக்கில் ஓடும், ரேமையும் தின்றுவிடும். க்யூட்டிபேஸ் என்ற அடிப்படைப் பகுதி ஒன்று மட்டும் போதும். விட்ஜெட், நெட்வொர்க், எஸ்க்யூஎல் எல்லாம் அதிலேயே அடக்கம். எக்ஸாம்பிள்களையும் டெஸ்ட்களையும் அணைத்துவிடுங்கள். அப்புறம், லினக்ஸில் கான்ஃபிகர் முடிந்ததும் வரும் நீண்ட பட்டியலைப் படிக்காமல் நகராதீர்கள். லினக்ஸின் திரை அமைப்பான எக்ஸ்11உடன் பேசும் எக்ஸ்சிபி என்ற வரிக்கு எதிரே ‘நோ’ இருந்தால், அதற்கான டெவலப்மென்ட் பேக்கேஜ்களில் ஏதோ விடுபட்டிருக்கிறது. கவனிக்காமல் கட்டினால், எக்ஸ்11 திரையில் ஜன்னலே திறக்காத செயலிதான் மிஞ்சும்.

உரிமத்தையும் பார்க்க வேண்டும். டபிள்யூஎக்ஸின் உரிமம் எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தோடு ஒரு விலக்கையும் தருகிறது: ஸ்டாட்டிக்காக இணைத்த செயலியை உங்கள் விருப்பப்படி வெளியிடலாம். க்யூட்டியின் எல்ஜிபிஎல் பதிப்பில் அந்த விலக்கு இல்லை. சோர்ஸை வெளியிடாத மூடிய செயலியில் ஸ்டாட்டிக்காக இணைத்தால், பயனர் வேறு க்யூட்டியோடு மறுபடி இணைத்துக்கொள்ள வழிசெய்து தர வேண்டும். ஒரே கோப்பாகக் கொடுப்பதற்காகவே கட்டுபவருக்கு இது பெரிய வித்தியாசம்.

ஆனால் டெஸ்க்டாப் சூழலே இல்லாத ஏஆர்எம் சிப் உள்ள சின்னக் கணினிப் பலகையில், எக்ஸ்11 இல்லாமல் நேராகத் திரையில் வரைய வேண்டும் என்றால் நான் யோசிக்காமல் க்யூட்டியைத்தான் எடுப்பேன். அங்கே கட்டும் உழைப்புக்குப் பலன் உண்டு. உங்கள் கணினிக்கான க்யூட்டியை முதலில் தயாராக வைத்துக்கொண்டு, அதன் துணையோடு பலகைக்கானதைக் கட்ட வேண்டும்.

இரண்டுமே கனம் என்பவர்களுக்கு எஃப்எல்டிகே (FLTK) என்ற இன்னொரு லைப்ரரி இருக்கிறது. சின்னது, வேகமாகக் கட்டிவிடலாம், ஸ்டாட்டிக் இணைப்புக்கும் விலக்கு தருகிறது. பார்க்கக் கொஞ்சம் பழைய மோஸ்தர். தமிழ் காட்டப்போகிறவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும்: எக்ஸ்11க்கு மட்டும் கட்டும்போது, எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் பாங்கோவை நீங்களே இயக்காவிட்டால் எழுத்துகள் சரியாகச் சேராது, ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். டபிள்யூஎக்ஸுக்கு ஜிடிகே வழியாகப் பாங்கோ தானே கிடைக்கிறது. க்யூட்டி அதே வேலைக்கான ஹார்ஃப்பஸ்ஸைக் கூடவே கொண்டுவருகிறது. எதைக் கட்டினாலும், முதல் ஜன்னல் திறந்ததும் ஒரு பெட்டியில் ‘கொடி’ என்று தட்டிப் பாருங்கள்.