பழைய வெளிநாட்டு விமானப் பயணத்தைக் கண்டுபிடிக்க: டிக்கெட், அட்டவணை, பயணிகள் பட்டியல், செய்தித்தாள் – எது எதற்கு உதவும்?

அறுபதுகளில் தாத்தா பம்பாயிலிருந்து லண்டனுக்குப் போன விமானம் எது, வழியில் எங்கெல்லாம் நின்றது என்று தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் விமான நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அந்த வழியை விட்டுவிடுங்கள். பயணிகளின் பெயர்களை ஐம்பது அறுபது வருடம் காத்து வைக்கும் வழக்கம் நிறுவனங்களுக்கு இல்லை. பயன் தரும் வழிகள் நான்கு: வீட்டில் இருக்கும் காகிதங்கள், அச்சிட்ட கால அட்டவணை, அரசு ஆவணக் காப்பகத்தின் பயணிகள் பட்டியல், அன்றைய செய்தித்தாள்.

வீட்டுக் காகிதங்களில் தேதிக்கு பாஸ்போர்ட்டையும் விமானத்துக்கு டிக்கெட்டையும் நம்ப வேண்டும். டிக்கெட்டில் எழுதியிருப்பது போட்ட திட்டம்தான். பயணம் மாறியிருந்தால் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தேதி இடத்தில் 'ஓப்பன்' என்றிருந்தால் பயணத்தின் அந்தக் கட்டத்துக்கு இடம் பதிவாகவே இல்லை என்று பொருள். டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைச் சொல்லும்: 098 ஏர் இந்தியா, 081 குவாண்டாஸ், 220 லுஃப்தான்சா. பலரும் தவறுவது இங்கேதான். அது டிக்கெட் கொடுத்த நிறுவனம். ஏற்றிச் சென்றது வேறாக இருக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே விமான எண்ணோடு உள்ள இரண்டெழுத்துக் குறியைப் பாருங்கள். 1965 டிக்கெட்டில் 'பி.ஏ.' என்றிருந்தால் அது பிரிட்டிஷ் ஏர்வேஸ் அல்ல, அதற்கு முன்னோடியான பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1974இல்தான் வந்தது.

பாஸ்போர்ட் முத்திரை உண்மையில் நடந்ததைச் சொல்லும். ஆனால் பெய்ரூட்டிலோ ஜெனீவாவிலோ விமானம் எரிபொருள் நிரப்ப நின்றபோது டிரான்சிட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு முத்திரை விழுந்திருக்காது. காமன்வெல்த் குடிமக்களுக்கான பிரிட்டனின் குடியேற்றக் கட்டுப்பாடு 1962 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் போன இந்திய, சிலோன் பாஸ்போர்ட்களில் லண்டன் முத்திரை இல்லை என்பதற்காகப் பயணமே நடக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

தேதி கிடைத்ததும் அட்டவணைக்குப் போகலாம். எங்கள் கணிப்பில் நான்கு வழிகளில் அதிகம் தருவது இதுதான். இதில் இரண்டு வகை உண்டு. எந்த நிறுவனம் என்றே தெரியாவிட்டால் மாதந்தோறும் வெளிவந்த 'ஏ.பி.சி. வேர்ல்டு ஏர்வேஸ் கைடு'. புறப்படும் ஊர் வாரியாக எல்லா நிறுவனங்களும் அதில் வரும். நிறுவனம் தெரிந்தால் அதன் சொந்த அட்டவணை மேல். ஒரு விமான எண்ணுக்குக் கீழே நிற்கும் ஊர்கள் எல்லாம் வரிசையாகவும், விமான வகையும் அதில் இருக்கும். பழைய அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் ஆவணங்கள் மயாமி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பல நிறுவனங்களின் அட்டவணைகளைச் சேகரிப்பாளர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள்.

அட்டையில் 'எந்தத் தேதி முதல்' என்று போட்டிருப்பதை முதலில் பாருங்கள். கோடைக்கால, குளிர்கால அட்டவணைகள் வேறு வேறு; ஒரு மாதம் தள்ளிப் பார்த்தாலும் நிற்கும் ஊரும் கிழமையும் மாறிவிடும். கிழமைகள் எண்ணில் இருந்தால் 1 திங்கள், 7 ஞாயிறு. முத்திரைத் தேதி என்ன கிழமை என்று நாட்காட்டியில் பார்த்து, அன்று ஓடாத விமானங்களை அடித்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றிரண்டுதான்.

நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். இன்றைய நேர வித்தியாசத்தை வைத்துப் பறந்த நேரத்தைக் கணக்கிட்டால் தவறும். சிங்கப்பூர் 1981 முடியும் வரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது, எட்டு அல்ல. பிரிட்டன் 1968 பிப்ரவரி முதல் 1971 அக்டோபர் வரை குளிர்காலத்திலும் ஒரு மணி முன்னால் ஓடியது. டோக்கியோவில் ஏறி ஹொனலூலுவில் இறங்கியவர் தேதிக்கோட்டைத் தாண்டியிருப்பார். ஏறிய நேரத்துக்கு முன்பே இறங்கியதாகத் தெரிவது பிழையல்ல. நள்ளிரவு தாண்டிப் புறப்பட்ட விமானமும் குழப்பும். வழியனுப்பியவர்கள் 12ஆம் தேதி என்று நினைவு வைத்திருப்பார்கள், டிக்கெட்டில் 13 இருக்கும்.

அட்டவணை சொன்ன விமானமே பறந்ததா என்பதற்கு அட்டவணையில் பதில் கிடையாது. பி.ஓ.ஏ.சி.யின் காமெட் ஜெட்கள் 1954 ஏப்ரல் 8இல் சேவையிலிருந்து நிறுத்தப்பட்டன. அதற்கு முன் அச்சான அட்டவணையில் அவை அப்படியே இருக்கும். அந்த மாதக் கடைசியில் போனவர் வேறு விமானத்தில்தான் போயிருப்பார். இந்த இடத்தில்தான் செய்தித்தாள் தேவை. பழைய செய்தித்தாள்களை இணையத்தில் தரும் ஆஸ்திரேலியாவின் 'ட்ரோவ்', சிங்கப்பூரின் 'நியூஸ்பேப்பர் எஸ்.ஜி.' இரண்டிலும் தேதி போட்டுத் தேடலாம். தாமதம், வேலைநிறுத்தம், மூடுபனியால் திருப்பிவிடப்பட்ட விமானம் ஆகியவை அங்கே அகப்படும். தேடும்போது அன்றைய பெயரைப் போடுங்கள்: 1963 டிசம்பருக்கு முன் நியூயார்க் விமான நிலையம் 'ஐடில்வைல்டு', சிங்கப்பூரில் 1955 வரை காலாங், பிறகு 1981 வரை பாய லேபார்.

பெயரோடு ஆதாரம் வேண்டுமென்றால் பயணிகள் பட்டியல் ஒன்றுதான். ஆனால் எல்லா நாட்டுக்கும் அது கிடைக்காது. நியூயார்க்கில் வந்திறங்கிய விமானப் பயணிகளின் பட்டியல்கள் 1957 வரை உண்டு. வம்சாவளித் தளங்களில் தேடலாம். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலிலும் விமானத்திலும் வந்தவர்களின் பட்டியல் 1963 வரை அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பிரிட்டனில் 1960 வரையிலான பட்டியல்கள் அடிப்படையில் கப்பல் பயணிகளுடையவை. லண்டனுக்குப் பறந்தவரை அங்கே தேடி நாளை வீணாக்க வேண்டாம். நம் ஊர்ப் பெயர்களுக்கு இன்னொரு சிக்கல்: அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், இனிஷியல் முழுப்பெயராகவும் பதிவாகியிருக்கும். இரண்டு வரிசையிலும் தேடுங்கள்.

குழந்தையாகப் பி.ஓ.ஏ.சி.யில் பறந்தவர் வீட்டில் 'ஜூனியர் ஜெட் கிளப்' பதிவுப் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். 1957இல் தொடங்கியது அது. தேதி, கடந்த மைல், கேப்டன் கையெழுத்து எல்லாம் ஒரே வரியில் இருக்கும். மேலே சொன்ன எதுவும் அதற்கு ஈடாகாது. அது இல்லாவிட்டால் ஏணிப்படியில் நின்று எடுத்த புகைப்படம். பின்னுடம்பில் வி.டி. என்று தொடங்கும் எழுத்துகள் இந்தியப் பதிவு, ஜி என்றால் பிரிட்டன், என் என்றால் அமெரிக்கா. பதிவெழுத்து சட்டகத்துக்கு வெளியே போயிருந்தால் மூக்குப் பக்கம் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஏர் இந்தியாவின் போயிங் 707களுக்கு நந்தா தேவி, அன்னபூர்ணா என்று இமயச் சிகரங்களின் பெயர். 747களுக்குப் பேரரசர்களின் பெயர். அதிலிருந்து பதிவெண்ணுக்குப் போய்விடலாம். பான் ஆமின் 'கிளிப்பர்' பெயர்களை மட்டும் அப்படி நம்பக் கூடாது. பழைய விமானம் போனதும் அதே பெயரைப் புதியதற்கு வைப்பது அங்கே வழக்கம், அதனால் விமான வகையையும் சேர்த்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.