கார்டன் டிராக்டர் சூடானால்: தனி ஆயில் கூலரா, இருக்கிற விசிறியே போதுமா?

அமெரிக்க வீடுகளில் புல் வெட்டும் கார்டன் டிராக்டர்களில் பெரும்பாலும் ஹைட்ரோஸ்டேட்டிக் டிரான்ஸ்மிஷன்தான்; அதாவது, பம்பு தள்ளும் ஆயில் ஒரு மோட்டாரைச் சுழற்றி, அது சக்கரத்தை ஓட்டும். வெயிலில் வெகுநேரம் ஓடினால் ஆயில் சூடேறி நீர்த்துப்போகும், பம்புக்குள்ளேயே கசியும். காலையில் ஜம்மென்று ஏறிய மேட்டில், மதியம் பெடலை முழுக்க மிதித்தாலும் வண்டி முக்கும்.

உடனே தோன்றுவது தனி கூலர். ஆயில் ஹோஸ்கள் வெளியே ஓடும் பழைய கனமான மாடல் என்றால் சரி, நல்ல யோசனை. ஆனால் டேங்குக்குத் திரும்பும் குறைந்த அழுத்த லைனில்தான் கோர்க்க வேண்டும். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைத்தால் கூலர் பிளந்துவிடும். அப்புறம், எஞ்சினின் அனல் காற்று அடிக்கும் பக்கம் மாட்டினால் அது கூலர் இல்லை, ஹீட்டர்.

டஃப் டார்க் கம்பெனியின் கே46 போல, பம்பு, மோட்டார் எல்லாம் ஒரே பெட்டிக்குள் மூடிய டிரான்ஸ்மிஷன் யூனிட்டில் கதையே வேறு. ஹோஸ் மாட்ட வழியே கிடையாது. மேலே ஒரு பிளாஸ்டிக் விசிறி, உடம்பில் சூட்டை வெளியேற்றும் உலோகத் துடுப்புகள், அவ்வளவுதான். அந்த இடுக்குகளில் ஆயிலும் புல்தூளும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருக்கும். அதைச் சுரண்டி, இதழ் உடைந்த விசிறியை மாற்றி, புது ஆயில் ஊற்றினால் செலவு சொற்பம். ஆயிலை வடிக்கத் திருகு இல்லாததால் யூனிட்டையே கழற்றிக் கவிழ்க்க வேண்டியிருப்பதுதான் எரிச்சல்.

என் ஓட்டு முதலில் பிரஷ்ஷுக்குத்தான்.