முடிக்கு வாழைப்பழமா, அவகாடோவா, நெல்லிக்காயா?

மூணையும் மாத்தி மாத்தி போட்டுப் பாத்தாச்சு. முதல்ல வாழைப்பழம். ஸ்பூனால மசிச்சு அப்படியே தலையில அப்பிட்டேன், அப்புறம் ரெண்டு நாளைக்கு சீப்புல குட்டி குட்டியா பழத்துணுக்கு வந்துட்டே இருந்துச்சு, பாத்தவங்க பொடுகுன்னே நினைச்சிருப்பாங்க. நல்லா கனிஞ்ச பழத்தை மிக்சியில அடிச்சு மெல்லிசு துணியில வடிகட்டித்தான் போடணும், அதுவும் காயறதுக்குள்ள, ஒரு 20 நிமிஷத்துல அலசிடணும். ராத்திரி ஊறவச்ச வெந்தயத்தை அரைச்சு ரெண்டு ஸ்பூன் சேத்தா சிக்கு ஈசியா பிரியும், ஆனா உண்மைய சொன்னா அந்த வழவழப்பு வெந்தயத்தோடது, பழத்துக்கு சும்மா பேரு.

அவகாடோ கதையே வேற. வாழைப்பழத்துல கொழுப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்ல, இதுல 15 சதவீதம் அளவுக்கு இருக்கு, அதனால வறண்டு போன முடி, சுருட்டை முடி, கலர் அடிச்சு நார் மாதிரி ஆன முடிக்கெல்லாம் என் ஓட்டு இதுக்குத்தான். பாதிப் பழம், கூட கொஞ்சம் கற்றாழை ஜெல், நுனியில மட்டும் தடவுங்க. எண்ணெய் வழியுற தலைக்காரங்க வேர்ல தேய்ச்சீங்கன்னா ரெண்டு தடவ ஷாம்பு போட்டாலும் படிஞ்சே கிடக்கும்.

நெல்லிக்காயை இந்த ரெண்டோட ஒரே தட்டுல வைக்கிறதே தப்பு. இது மிருதுவாக்காது, துவர்ப்பு இருக்கறதால முடிய கொஞ்சம் சொரசொரப்பாக்கும், ஆனா பிசுபிசுன்னு இருக்கற தலைக்கு அதுதான் வேணும். நெல்லிக்காய்ப் பொடியை இரும்புச் சட்டியில ஊறவச்சா கருகருன்னு ஆகும்ல, அது டானின்ங்கற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ற வேலை, நரைக்கு லேசா சாயம் ஏறும், துண்டுலயும் ஏறும், ஆனா நரை திரும்ப கருப்பாகிடும்னு நம்பிடாதீங்க.

எல்லா பழத்துக்கும் "விட்டமின் முடிக்கு ஊட்டம்"னு ஒரு டயலாக் சொல்வாங்க. வெளிய தெரியற முடி உயிர் இல்லாத கெரட்டின்ங்கற புரதம், அதுக்கு ஊட்டம்னு ஒண்ணும் கிடையாது, மேல் பூச்சுதான் கிடைக்கும். முடி மாசத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும், தலையில போடற எந்த ஹேர் பேக்கும் அதை ரெண்டாக்காது.

எலுமிச்சை சாறை நேரா தேய்க்கறது, பப்பாளிக்காயை அரைச்சு போடறது ரெண்டையும் நான் லிஸ்ட்லயே சேக்கல. எலுமிச்சையோட பிஎச் 2 பக்கம், அதாவது நல்ல அமிலம், தலையில சின்ன கீறல் இருந்தா கூட சுரீர்னு எரியும், அதோட வெயில்ல போனா தோல் கருத்துப்போகவும் வாய்ப்பிருக்கு. பப்பாளிக்காய் பாலும் தோலை அரிக்கும்.

அப்புறம் ரப்பர் கிளவுஸ் போட்டா கை அரிக்கிறவங்க யாராவது இருந்தா வாழைப்பழம், அவகாடோ ரெண்டையும் தொடாம விடுங்க, லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால் அலர்ஜி இருக்கறவங்களுக்கு இந்தப் பழங்களும் ஒத்துக்காம போறது உண்டு, மத்தவங்களும் காதுக்குப் பின்னாடி துளி தடவி ஒரு நாள் பாத்துட்டு ஆரம்பிங்க.