சிங்கப்பூர் தேக்காவில் "கருநீலம்" வாங்கப் போகிறீர்களா? நாமக்கல் நட்சத்திரக் கல்லை சஃபையர் (நீலக்கல்) என்று தலையில் கட்டுகிறார்கள்

சனிப்பெயர்ச்சிக்காக ஒருவர் 680 வெள்ளி கொடுத்து வாங்கிய கறுப்புக் கல் சோதனைக்கு வந்தது. விற்றவர் வாயால் சொன்னது: "அசல் ஸ்டார் சஃபையர், சனி பகவானுக்கு உகந்தது." ரசீதில் இருந்ததோ வெறும் "பிளாக் ஸ்டார், 12.5 கேரட்". கூடக் கொடுத்த பிளாஸ்டிக் அட்டையில் எடை, அளவு, படம் எல்லாம் உண்டு. என்ன கனிமம் என்ற வரி மட்டும் இல்லை.

கல் டையாப்சைட் என்ற வேறு கனிமம். கண்ணாடி இல்லை, இயற்கைக் கல்தான். நாமக்கல் வட்டாரத்தில் கிடைக்கும் இது, கேரட்டுக்குச் சில வெள்ளிதான் பெறும். சனி பகவான் ஏற்பாரா என்பதை ஜோதிடரிடம் விட்டுவிடலாம்; அந்த விலையை ஏற்க முடியாது.

கடையிலேயே கைப்பேசி டார்ச்சைக் கல்லுக்கு நேர் மேலே பிடித்து, நட்சத்திரம் போலத் தெரியும் ஒளிக்கோடுகளைப் பாருங்கள். கூரையில் பல விளக்குகள் எரிந்தால் கோடுகள் குழம்பும், அதனால் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார் சஃபையரில் பொதுவாக ஆறு கதிர்கள் தெரியும். டையாப்சைட்டில் நான்குதான், அவையும் சரியான கூட்டல் குறியாக இல்லாமல் சாய்ந்து வெட்டும். "நாலு கதிர் சஃபையர், ரொம்ப அபூர்வம்" என்று பேச்சு வந்தால் எழுந்துவிடுங்கள்.

அடுத்து நியோடிமியம் காந்தம், அதாவது சிறிய ஆனால் வலுவான காந்தம். கல்லை ஸ்டைரோஃபோம் துண்டில் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காந்தத்தை அருகில் கொண்டுபோனால், டையாப்சைட் பின்னாலேயே வரும். அதன் நட்சத்திரத்தை உண்டாக்குவதே உள்ளே இருக்கும் மாக்னடைட் என்ற இரும்புத் தாதுவின் ஊசிகள். ஆனால் கறுப்பு சஃபையரிலும் இரும்புத் தாது இருக்கும். லேசான அசைவை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

முடிவு சொல்வது தராசு. 0.01 கிராம் காட்டும் சிறு தராசு போதும். கல் மோதிரத்தில் பதிக்காததாக இருக்க வேண்டும். முதலில் கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்கி, மெல்லிய நூலில் கட்டிய கல்லை அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். கல்லின் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. சஃபையர் 4.0 சுமார், டையாப்சைட் 3.3 சுமார். மேலே சொன்ன 12.5 கேரட் (2.50 கிராம்) கல்லுக்கு 0.76 காட்டியது, சஃபையராக இருந்தால் 0.63க்குள் நின்றிருக்கும். கல்லில் காற்றுக்குமிழி ஒட்டினால் அடர்த்தி குறைவாக வரும், நல்ல சஃபையரைக்கூடச் சந்தேகிக்க வைக்கும். ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டால் குமிழி ஒட்டாது.

பச்சைக் கல்லிலும் இதே வேலை நடக்கிறது. ரஷ்யாவின் யாகூத்தியாவில் எடுக்கும் பச்சை நிறக் குரோம் டையாப்சைட்டை "ரஷ்ய மரகதம்" என்கிறார்கள். பட்டை தீட்டிய கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (நகைக்காரர் உருப்பெருக்கியில்) மேற்புறம் வழியாக, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள்: பின்புறப் பட்டைகளின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் மரகதம் இல்லை. டையாப்சைட்டின் கடினம் மோஸ் அளவுகோலில் (1 முதல் 10 வரை) 6 அளவுதான் என்பதால் தினசரி மோதிரத்துக்கு ஆகாது. நகை சுத்தம் செய்யும் அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டால், கல் இயல்பாகப் பிளக்கும் தளத்தில் விரிசல் விடலாம்.

பணம் கொடுக்கும் முன் ரசீதில் "இயற்கை சஃபையர்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்து ஏமாற்றியிருந்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் புகார் செய்யலாம். 20,000 வெள்ளி வரையான கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிப்யூனலுக்கு (சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம்) கொண்டுபோகலாம். மேலே சொன்ன கல்லுக்கு "பிளாக் ஸ்டார்" என்ற ரசீதைக் காட்டி, "நாங்கள் சஃபையர் என்று எங்கே எழுதினோம்?" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.