மேபாக் என்று காசு வாங்கினார்கள், வந்தது வேறு: எயார்போர்ட் ஹயர் பிடிப்பவர்கள் வாசிக்கவும்

கட்டுநாயக்கவிலிருந்து மட்டக்களப்புக்கு ஆள் கூட்டிவர, அல்லது அம்பாறைப் பக்கம் ஒரு கலியாணத்துக்கு, "அதிசொகுசுக் கார், சாரதியுடன்" என்று வட்ஸ்அப்பில் ஓடும் விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் போட இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் போடுங்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது, அது முடியும்வரை வேண்டாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொன்னார். பெயரைச் சொல்லியும் பெரிய பிரயோசனம் இல்லை. அதே படங்கள் இப்போது வேறு பெயரில் ஓடுகின்றன.

கனடாவில் இருக்கும் என் மாமாவுக்கு முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்தது. நிமிர்ந்து நெடுநேரம் இருக்க ஏலாது. ஆரையம்பதியில் பேத்தியின் கலியாணம், வராமல் இருக்கமாட்டேன் என்று நின்றார். விமானத்தில் சாய்ந்து படுக்கிற சீட் எடுத்தாயிற்று. எயார்போர்ட்டிலிருந்து ஊர்வரை 300 கிலோமீற்றரை ஒட்டிய தூரம், அதற்கு என்ன செய்வது என்பதுதான் யோசனை. அம்புலன்ஸ் பிடிக்கலாம் என்றதற்கு மாமா சம்மதிக்கவில்லை. கலியாண வீட்டுக்கு அம்புலன்ஸில் வந்து இறங்கினால் சனம் என்ன கதைக்கும் என்று அவருக்குக் கவலை. மச்சான் டொரொண்டோவிலிருந்து, "காசைப் பார்க்காதே, அப்பா சாய்ந்து வரவேணும்" என்றான். அப்படித்தான் இந்த மேபாக் விளம்பரத்துக்குப் போனோம். மேபாக் என்பது மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் கிளாஸ் காரை நீட்டிச் செய்த அதிசொகுசு வகை.

விளம்பரத்தில் இருந்த படம் உண்மையான மேபாக்கின் படம்தான். 222 உடல் (பென்ஸ்காரர் ஒவ்வொரு தலைமுறை மாதிரிக்கும் வைக்கும் இலக்கம்) கொண்ட மெர்சிடிஸ்-மேபாக் எஸ் கிளாஸ். பின்சீட் மல்லாக்காகச் சாய்ந்து, கெண்டைக்காலைத் தாங்க ஒரு பலகை எழும்பி நிற்கும். முன்னால் இடப்பக்க சீட் டாஷ்போர்ட் வரைக்கும் தள்ளப்பட்டிருக்கும். நம் நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால், இந்த வகைக் கார்களில் முதலாளி இருக்கிற இடம் பின்னால் இடது. அந்த ஒரு சீட்டுக்காகத்தான் முழுக் காரே. முதுகைத் தாங்கும் பகுதி 43.5 பாகை வரை சாய்கிறது என்று பென்ஸ்காரரே சொல்லியிருக்கிறார்கள். மாமாவின் முதுகுக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது அதுதான். குளிர்சாதனப் பெட்டியும் வெள்ளிக் கிண்ணமும் எங்களுக்கு எதற்கு? அவர்களிடம் நான் கேட்டதும் அது ஒன்றைத்தான். "ஓம் சேர், ஃபுல்லா சாயும், காலும் நீட்டலாம்" என்று குரல் பதிவே அனுப்பினார்கள். வான் ஹயரைப் போல நாலைந்து மடங்கு விலை. பாதியை முதலே போடச் சொன்னார்கள். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது.

எயார்போர்ட்டில் வந்து நின்றது கறுப்பு எஸ் கிளாஸ்தான், ஆனால் 221 உடல். 2005 தொடக்கம் 2013 வரை செய்த மாதிரி. அதிலும் குட்டை வகை. டிக்கி மூடியில் மேபாக் என்ற எழுத்து புத்தம் புதுசாக மினுங்கியது, பக்கத்தில் பெயின்ட் மங்கிக் கிடந்தது. எழுத்தின் ஓரத்தில் பசை காய்ந்து வெள்ளைக் கோடாக நின்றது. விரலால் சுரண்டினால் வரும்.

சின்ன வித்தியாசத்துக்குச் சண்டை பிடிக்கிறோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தக் குட்டை வகையில் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் 3035 மில்லிமீற்றர். படத்தில் இருந்த மேபாக்கில் 3365. இடையில் 33 சென்டிமீற்றர், ஒரு அடிக்கும் மேல். அந்த ஒரு அடியில்தான் மாமாவின் கால் நீளவேண்டும். பென்ஸ் கார்களில் சீட்டை அசைக்கும் பொத்தான் சீட்டின் வடிவத்திலேயே கதவில் இருக்கும்: முதுகை இழுத்தால் முதுகு சாயும், தலையைத் தூக்கினால் தலையணை எழும்பும். பின்கதவில் அந்தப் பொத்தானைத் தேடினேன். கண்ணாடி இறக்குகிற சுவிட்ச் மட்டும்தான் இருந்தது. சீட் ஆணி அடித்ததுபோல நேராக நிற்கிறது. மாமா ஏறி இருந்து, முழங்கால் முன்சீட்டில் முட்ட, "மருமகன், காலை எங்க வைக்கிற?" என்றார். முன்சீட்டைக் கையால் தள்ளிப் பார்த்தோம். கொஞ்சம் போனது.

உடனே போன் எடுத்தேன். "மேபாக் சேர்விஸுக்குப் போயிட்டு சேர், இதுவும் அதே பென்ஸ்தானே" என்று பதில். விடியப்புறம், பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் விமானத்தில் வந்த மனுஷன், சாமான்கள் வேறு. அந்த நேரத்தில் அங்கே நின்று வேறு வாகனம் தேடமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான் என்று நினைக்கிறேன்.

சாரதித் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. மரியாதையான பொடியன், பொய் சொல்லவில்லை. முதல்நாள் இரவு முழுக்க இன்னொரு ஹயர் ஓடிவிட்டு நேராக எயார்போர்ட்டுக்கு வந்ததாக அவரே சொன்னார். கண் சிவந்திருந்தது. ஆனால் ஓட்டம் வான் ஓட்டம். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி, கார் நிற்கும்வரை காலை எடுக்கவில்லை. ஒவ்வொரு சந்தியிலும் மாமாவின் தலை முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தது. பழகிய சாரதி, கார் நிற்கப்போகும் கடைசிக் கணத்தில் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துவார். நின்றதே பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட காரை ஓட்டுவது தனி வேலை. ரோல்ஸ்-ரொய்ஸ் நிறுவனம் சாரதிகளுக்கென்றே பயிற்சி வைத்திருக்கிறது. அவர்களுடைய பாண்டம் காரில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளே கிடையாது. இன்னும் எவ்வளவு சக்தி மிச்சம் இருக்கிறது என்று காட்டும் முள்தான் இருக்கிறது. 6.75 லீற்றர் வி12 எஞ்சின், நிமிடத்துக்கு 1700 சுற்றிலேயே 900 நியூட்டன் மீற்றர் இழுவை. அது சில்லைக் கத்தவைக்க வைத்த சக்தி அல்ல, பின்னால் இருப்பவரின் கையிலுள்ள தேத்தண்ணி ஆடாமல் இருக்க வைத்தது. இதை விளங்காத ஆளிடம் எந்தக் காரைக் கொடுத்தாலும் அது வான்தான்.

மீரிகமவிலிருந்து குருணாகல் வரையான அதிவேக வீதியில் பரவாயில்லை. ரயர் சத்தம் மட்டும் உள்ளே கேட்டது. இறங்கிப் பார்த்தபோதுதான் முன்னால் ஒரு கம்பனி ரயரும் பின்னால் வேறொன்றும் போட்டிருந்தது தெரிந்தது. பாண்டத்துக்கு ரயருக்கு உள்ளேயே சத்தம் உறிஞ்சும் ஸ்பொஞ் வைத்து, காரில் 130 கிலோ அளவுக்கு ஒலித்தடுப்புப் பொருள் போட்டிருக்கிறார்கள் என்று பிறகு வாசித்தேன். நாங்கள் இங்கே மாமாவும் மாமியும் கதைப்பது கேட்கவில்லை என்று ஏசியைக் குறைத்துக்கொண்டு வந்தோம்.

ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். திரும்பி வந்தபோது காரின் பின் இடப்பக்க மூலை சில்லுக்கு மேல் அப்படியே குந்திக்கொண்டிருந்தது. எஞ்சினைப் போட்டதும் எங்கேயோ கீழே ஒரு மோட்டார் கரகரத்தது, மீற்றரில் சிவப்பில் "கார் மிகத் தாழ்ந்துள்ளது, நிறுத்தவும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. தம்பி, "அது சும்மா காட்டுது அண்ணன், ஓட ஓட எழும்பும்" என்றார்.

சும்மா காட்டவில்லை. இந்தக் கார்களில் இரும்பு ஸ்பிரிங் இல்லை. நாலு மூலையிலும் ரப்பர்ப் பை, அதற்குள் காற்று. ஒரு கொம்பிறசர் காற்றடித்து உயரத்தைப் பிடித்துவைக்கும். புதுசாக இருக்கும்போது அதைப்போல சுகம் வேறு எதிலும் இல்லை, பள்ளத்தைக் காற்று விழுங்கிவிடும். ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. வெயிலிலும் சூட்டிலும் மடிப்பில் வெடித்துக் காற்றுக் கசியும், கசிவை நிரப்ப கொம்பிறசர் ஓயாமல் ஓடி அதுவும் போகும். காற்றுப் போனபின் பாரம் முழுக்கக் கடினமான தடுப்பு ரப்பரில் வந்து குந்தும். அதன்பிறகு சொகுசுக் காரைவிட மாட்டுவண்டி மேல். மாட்டுவண்டியாவது மெதுவாகப் போகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில், அதுவும் பெரிய வரியோடு. அதனால் ஹயருக்கு ஓடும் சொகுசுக் கார்களில் பல இப்படிப் பத்துப் பதினைந்து வருடப் பழசுதான். அந்தக் காற்றுப் பைகளை மாற்றக் காசு செலவழிக்காமல், எழுத்தை மட்டும் மாற்றி ஓடுகிறார்கள்.

பொலன்னறுவை தாண்டி மன்னம்பிட்டிப் பக்கம் வரும்போது மாமாவால் முடியவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். "ஒண்டுமில்ல மனே, போங்க" என்றார், முகம் வேறு கதை சொன்னது. வெலிக்கந்தையிலிருந்து புணானை வரை யானை கடக்கும் பாதை, பொழுதுபட்டால் ஓரத்தில் நிறுத்தி நிற்கவும் ஏலாது. பொழுது இருக்கும்போதே வெலிக்கந்தையில் ஒரு கடை வாசலில் நிறுத்தி, ஓட்டமாவடியில் இருக்கும் நண்பனுக்குக் கோல் எடுத்தேன். அவன் டொயோட்டா கே.டி.எச் வானோடு வந்தான், பின் சீட்டில் மெத்தை, இரண்டு தலையணை. மாமாவை அதில் சரித்துப் படுக்கவைத்தோம். வாழைச்சேனை வரும்முன் குறட்டை கேட்டது. நண்பன் வேகத்தை ஏற்றவே இல்லை. காசும் வாங்கவில்லை.

அந்தக் கார்க்காரருக்கு மிச்சப் பணம் வேண்டுமாம். அதோடு "எக்ஸ்ட்ரா கிலோமீற்றர்", சாரதி தங்கிய செலவு என்று ஒரு பில்லும் வந்தது. கொடுக்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்கள்.

சரி, இனி பிடிப்பவர்கள் என்ன பார்க்கலாம்? மேபாக்கா இல்லையா என்று பார்க்க எழுத்தைப் பார்க்கவேண்டாம், பின்கதவைப் பாருங்கள். சாதாரண எஸ் கிளாஸில் பின்னால் உள்ள சின்ன முக்கோணக் கண்ணாடி கதவோடு சேர்ந்து திறக்கும். 222, 223 உடல் மேபாக்கில் அது கதவில் இல்லை, கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் நிற்கும். பக்கவாட்டில் எடுத்த ஒரு படம் போதும், ஒட்டவும் முடியாது, மறைக்கவும் முடியாது. படம் பழையதாக இருக்கலாம் என்பதால், நம்பர் தகடு தெரிய அன்றைக்கே எடுத்த வீடியோவாகக் கேளுங்கள்: பின்கதவைத் திறந்து, பொத்தானை அழுத்தி, சீட் சாய்வது தெரியவேண்டும். முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் செசி இலக்கம் (காரின் அடையாள இலக்கம்) தெரியும். மெர்சிடிஸில் நாலாவது முதல் ஆறாவது வரையான எழுத்துகள் உடலைச் சொல்லும். எங்களுக்கு வந்ததில் 221 என்று கிடந்தது. பதிவுச் சான்றிதழில் உற்பத்தி ஆண்டும் இருக்கும், அதன் படம் அனுப்பத் தயங்குகிறவரோடு மேற்கொண்டு கதைக்கவேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் "ஹயரிங்" என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த இன்ஷூரன்ஸோடு ஹயர் ஓடி விபத்து நடந்தால் கம்பனி கைவிரிக்கலாம். கார் இரவு முழுக்க நின்ற இடத்தில் காலையில் ஒரு படம் கேட்டால், ஒரு மூலை குந்தியிருக்கிறதா என்று பார்த்தே காற்றுப் பையின் நிலைமையும் தெரிந்துவிடும்.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கக் கலியாண குறூப்களில் இப்போது இதே ஆட்கள் ரோல்ஸ்-ரொய்ஸ் என்று ஒன்றை விடுகிறார்கள். அண்மைக்கால பாண்டம், கோஸ்ட் இரண்டிலும் பின்கதவு பின்பக்கம் கீல் வைத்துத் திறக்கும். முன்கதவுக் கைப்பிடியும் பின்கதவுக் கைப்பிடியும் நடுவில் பக்கம் பக்கமாக இருக்கும். சில்லின் நடுவிலுள்ள இரட்டை ஆர் எழுத்து, கார் ஓடினாலும் நின்றாலும் நேராகவே நிற்கும். விளம்பரத்தின் வீடியோவில் அது சில்லோடு சேர்ந்து சுற்றுகிறது.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், 1977 என்ற இலக்கத்தில் கேட்டால் விபரம் சொல்வார்கள். குரல் பதிவு, வங்கிப் பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். இதே படங்களை நம்பி முன்பணம் போட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். அடுத்த விசாரணைக்குச் சேர்ந்தே போகலாம்.